தொட்டியில் ஒட்டிய குமிழிகள்

தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்த்த பட்டறையில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. கப்பலின் அடியில் ஒட்டும் ரப்பர் தகடு தண்ணீருக்குள் எவ்வளவு சத்தத்தை விழுங்குகிறது என்று அதில்தான் சோதிப்போம். கேட்பதற்கு அமைதியான வேலை. ஆனால் நாங்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறாத நாளே கிடையாது. முதலாளி கையில் கிடைத்ததை எறிவார். ஸ்பேனர், டீ கிளாஸ், ஒருமுறை நாற்காலி. நானும் லேசுப்பட்டவன் இல்லை.

தகட்டைத் துடைப்பவன் வைத்திக்குப்பத்துக்காரன், இரண்டு பெண் பிள்ளைகளின் அப்பா. தகட்டைத் தண்ணீரில் இறக்கியதும் தோள்வரை கையை விட்டு, அதில் ஒட்டிய காற்றுக் குமிழிகளைத் தடவித் தடவி விரட்டுவான். குமிழி தங்கினால் சத்தத்தை அதுவே விழுங்கிவிடும், ரப்பர் பேர் வாங்கிக்கொள்ளும். தொட்டியை நிரப்புவது என் பொறுப்பு. புதுத் தண்ணீரில் காற்று கலந்திருக்கும் என்பதால் நிரப்பி இரண்டு நாள் சும்மா விட வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை, வாங்க வந்தவர்கள் முன்னால் சோதனை. காலையில் சுமாரான, நம்பக்கூடிய எண் வந்தது. சாப்பாட்டுக்குப் பின் அதே தகட்டை மறுபடி சோதிக்கச் சொன்னார்கள். எந்த ரப்பராலும் எட்ட முடியாத எண் வந்தது.

"எங்களையே ஏமாத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

முதலாளி இரும்புக் கிளாம்பை எடுத்து வீசினார். கம்ப்யூட்டர் திரை நொறுங்கியது. "எவன் பண்ண வேலடா இது? அவன் இன்னிக்கே வெளிய போறான்!"

நான் தகடு துடைப்பவனின் சட்டையைப் பிடித்தேன். "ஒழுங்கா தொடச்சியாடா?"

"தொடச்சேண்ணே. ஒண்ணுகூட வுடல."

தொட்டி விளிம்பில் அவனை மோதி, இடது காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தேன். கீழே விழுந்தவனை உதைத்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, "வேலய மட்டும் எடுத்துடாதீங்கண்ணே" என்றான். விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

அவன் தப்பைக் காட்டலாம் என்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். குமிழிகள் தகட்டில் மட்டும் இல்லை. சுவரில், கயிற்றில், மைக் ஒயரில், எங்கே பார்த்தாலும் சோடாவுக்குள் போட்ட ஸ்ட்ராவில் மொய்ப்பதுபோல மொய்த்திருந்தன. துடைத்தபின் தண்ணீரிலிருந்தே கிளம்பியவை. சனிக்கிழமை நிரப்ப வேண்டிய தொட்டி அது. மூலக்குளத்தில் மச்சான் வீட்டு விசேஷத்துக்கு ஓடிவிட்டு, அன்று காலையில்தான் மோட்டாரைப் போட்டு நிரப்பியிருந்தேன்.

"யாருடா?" என்றார் முதலாளி.

நான் விரலை நீட்டினேன். என்னை நோக்கி அல்ல.

அவன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அந்தத் தொட்டி அருகில் போகும்போதெல்லாம் என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு ஞாயிறு காலை உண்மையைச் சொல்லிவிடுவது என்று வைத்திக்குப்பம் போனேன். கடற்கரையில் படகோரம் கூடையில் மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவன் மீனை அடுக்கி முடித்துத் திரும்பினான்.

"எப்ப வந்தீங்கண்ணே? எதாவது சொன்னீங்களா? இந்தப் பக்கம் வந்து பேசுங்க, அந்தக் காது கேக்காது."

எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். சங்கரா மீன் என்ன விலை என்று கேட்டேன்.