சுவாதீனம் எடுக்க வந்த அன்று மாட்டிய பல்பு

நாற்காலி மேல் ஏறி நின்று சித்தப்பா வராந்தாவில் பல்பு மாட்டிக்கொண்டிருந்ததுதான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. பேங்க்காரர்கள் வீட்டைப் பூட்ட வருகிற நாள் அது.

சித்தப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை பார்த்தவர். ரிட்டையர்டு ஆகிறவரை நெய்வேலி குவார்ட்டர்ஸில்தான் இருந்தார். அங்கே காலி செய்கிறவர்கள் ஃபேன், குழாய், லைட் எல்லாம் சரியாக இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் சாவியை ஒப்படைக்க வேண்டும். பிளாக் மாறியபோதெல்லாம் ஒரு சாவியைக் கொடுத்தார், இன்னொரு சாவியை வாங்கினார். பிறகு வடலூர் பக்கம் சொந்தமாகக் கட்டிய வீட்டை, மகன் லாரி வாங்குவதற்காக அடமானம் வைத்தார். லாரிக்குக் காண்ட்ராக்ட் நின்றது, தவணையும் நின்றது. மகன் வெளியூர் போய்விட்டான். சுவாதீனம் எடுக்கப்படும் என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்துக்கூட்டிப் படித்தேனே தவிர, அர்த்தம் தெரியவில்லை. வக்கீல் யாரையாவது பார்க்கலாமா என்றேன்.

"குவார்ட்டர்ஸ் காலி பண்றப்ப வக்கீலா வெச்சேன்? பணம் கட்ற வரிக்கும் சாவிய அவங்க வெச்சிகினு இருப்பாங்க பாப்பா, அவ்ளோதான்" என்றார்.

சித்தி பாத்திரங்களைச் சாக்கில் திணித்துக்கொண்டே, "பூட்டப்போற வூட்டுக்கு வெளிச்சம் ஒண்ணுதான் கொறச்சல்!" என்றாள்.

வந்த அதிகாரி சின்ன வயதுக்காரர். சித்தப்பா அவரை அறை அறையாக அழைத்துப்போய் ஸ்விட்சைப் போட்டுக் காட்டினார். "பாத்துக்குங்க சார், எல்லாம் எரியுது. சாவி பத்திரம். பணத்தப் பொரட்டிகினு வந்து வாங்கிக்கிறேன்."

அதிகாரி சித்தி பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஐயா, சுவாதீனம்னா இனிமே வீடு எங்க கையிலங்க. அடுத்தது ஏலம்தான். பல்பையாவது கழட்டிக்குங்க, போற எடத்துல ஆவும்."

சித்தப்பாவின் விரல் ஸ்விட்சிலேயே இருந்தது. எந்தப் பல்பையும் அவர் கழற்றவில்லை.

இப்போது இருவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். ஏலத்தில் எடுத்தவர்கள் அந்த வீட்டில் குடியேறிவிட்டார்கள். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது ஜன்னல் பக்கம் நான்தான் உட்காருவேன், சித்தப்பா பார்க்கக் கூடாதென்று. போன வாரம் பொழுது சாய்ந்த நேரத்தில் என் தோளைத் தாண்டி, லைட் எரிந்த அந்த வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டார்.

"நான் மாட்டுனதுதான்" என்றார். "இன்னும் பீஸ் போவல, பாரு."