வேற ஏதாவது வேணுமா?

டாக்மார் பத்தொன்பது வருஷம் ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில் ஒரு பேக்கரியில் நின்றாள். ரொட்டியைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, சிரித்த முகமாய் "வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்க வேண்டும். அதுதான் உத்தியோகம். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் அதைத்தான் கேட்பாள். பேக்கரியை மூடிவிட்டார்கள். கேள்வி மட்டும் வாயை விட்டுப் போவேனா என்றது.

நாற்பத்தேழு வயசுக்காரிக்கு யார் வேலை கொடுப்பார்கள்? வீப்கே கொடுத்தாள். அதே தெருவில் மாடியில் மசாஜ் நிலையம் நடத்துகிறவள். தினமும் கசகசா பன் வாங்க வந்து டாக்மாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள்.

சுளுக்கு எடுக்கிற மசாஜ் இல்லை அது. கதகதப்பான அறை, எண்ணெய், படுக்கிறவர் உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. எங்கெங்கே சுகமோ அங்கெல்லாம் கை போகும். முத்தமும் படுக்கையும் கிடையாது. ஒளிவு மறைவும் கிடையாது. வாசலில் பெயர்ப்பலகை உண்டு, வரி கட்டுகிறார்கள்.

முதல் நாள் டாக்மார் வெட்கத்தில் பீட்ரூட்டாய்ச் சிவந்தாள். ஒரே வாரம்தான். பத்தாவது பின்புறத்தைப் பார்த்தபிறகு, அடச்சே, இதுவும் ஒரு ரொட்டி மாவுதானே என்று ஆகிவிட்டது. குதிகாலில் வைத்த கையைப் பிடரி வரை எடுக்காமல் கொண்டுபோகக் கற்றுக்கொண்டாள். மாவு பிசைந்த கைக்கு அவசரம் தெரியாது.

"கை பாஸாயிடுச்சு. இனிமே வாய்தான் பாஸாகணும்" என்றாள் வீப்கே.

அங்கே ஒரு கடைசிப் பரீட்சை உண்டு. ஓர்ட்வின் என்று ஒரு பெரியவர், ரிட்டயரான டிராம் டிரைவர், அந்த நிலையத்துக்குப் பழைய வாடிக்கை. அவர் வந்து படுப்பார். முதலில் பேசி வைத்ததுக்கு மேலே ஒவ்வொன்றாய்க் கேட்பார். புதுசாய் வந்தவள் மன்னிப்புக் கேட்காமல், சாக்குச் சொல்லாமல், முடியாது என்று சொல்ல வேண்டும். வீப்கே திரைக்கு அந்தப் பக்கம் காதை வைத்திருப்பாள். மூன்று தடவை தவறினால் வேலை இல்லை.

டாக்மாருக்கு வராததே அதுதான். ஜென்மத்தில் யாரிடமும் முடியாது என்று சொன்னவள் இல்லை அவள். அக்கா மெக்டில்ட் வெள்ளிக்கிழமை தவறாமல் தன் நாய் புருனோவைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவாள். நாய் ரோமம் டாக்மாருக்கு ஆகாது. அது இருக்கிற ரெண்டு நாளும் தும்மித் தும்மி மூக்கு வெந்துபோகும். இருந்தும் "சரிக்கா"தான்.

முதல் பரீட்சை. ஓர்ட்வின் சொக்கிப்போய்க் கிடந்தார். எல்லாம் முடிந்து, துண்டைப் போர்த்திவிட்டு, டாக்மார் சிரித்த முகமாய்க் கேட்டாள்: "வேற ஏதாவது வேணுமா?"

கிழவர் விரல் விட்டு எண்ணி ஏழு ஐட்டம் சொன்னார்.

"அடிப்பாவி!" வீப்கே திரையைக் கிழிக்காத குறையாய் வந்தாள். "இந்த வேலையில கேக்கவே கூடாத ஒரே கேள்விய, தட்டுல வெச்சு நீட்டறியேடி!"

இரண்டாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்தாள். ஓர்ட்வினே ஆரம்பித்தார். "ஒரே ஒரு முத்தம்?"

டாக்மார் தடுமாறினாள். "மன்னிச்சுக்கங்க... இன்னிக்கு தீந்துபோச்சு. நாளைக்கு காலைல சீக்கிரமா வாங்க."

கிழவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வீப்கே சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு தடவைதான் டாக்மார். உன் கை எனக்கு வேணும். ஆனா மாட்டேன்னு சொல்லத் தெரியாதவள இந்த ரூம்ல தனியா விட்டா, நான்தான் பாவி."

அது சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கண்ணாடி முன்னால் "மாட்டேன், மாட்டேன்" என்று சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்காரி பல்லைக் காட்டினாள்.

மூன்றாவது பரீட்சை. துண்டு போர்த்தியாயிற்று. கேள்வி தொண்டை வரை வந்தது, விழுங்கினாள்.

"ஒரு முத்தம்?"

"மாட்டேன்."

"சட்டையாவது கழட்டலாமே?"

"மாட்டேன்."

ஓர்ட்வின் முழங்கையை ஊன்றி எழுந்தார். "ஏன்? நான் என்ன அவ்வளவு மோசமா?"

பாவமாய் இருந்தது. ஆறுதலாய் நாலு வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. டாக்மார் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க நல்ல மனுஷன்தான். எனக்கு இஷ்டமில்ல."

சொல்லிவிட்டாள். இடி விழவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை, அழுகையும் வந்தது. ஓர்ட்வின் எழுந்து உட்கார்ந்து கை தட்டினார். வீப்கே மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து அறைச் சாவியைக் கையில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மணி அடித்தது. வாசலில் மெக்டில்ட், இடுப்பில் புருனோ.

"ரெண்டே நாள்தான்டி. இந்தா, புடி."

"மாட்டேன்க்கா."

"ஏன், எங்கயாவது போறியா?"

"இல்ல. இஷ்டமில்ல."

மெக்டில்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த வேலைடி உனக்கு இந்தப் பேச்சக் கத்துக்குடுத்துச்சு?"

டாக்மார் ஒன்று விடாமல் சொன்னாள். அக்காக்காரி நாயோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று டாக்மார் காத்திருந்தாள். புருனோவின் காதைத் தடவியபடி மெல்லக் கேட்டாள் மெக்டில்ட்:

"அங்க இன்னும் ஆள் எடுக்கறாங்களா?"

"எடுக்கறாங்க. உனக்கு ஆகாதுக்கா. அங்க ஒருத்தர் மாட்டேன்னு சொன்னா, அதோட சரி. நீ இந்நேரம் நாயத் தூக்கிட்டுத் திரும்பிப் போயிருக்கணும்."

மெக்டில்ட் எழுந்தாள். புருனோவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.