மாலை போட்ட ரயில் கார்

1. பழைய டீசல் ரயில் கார் மதுரையிலிருந்து கிளம்பியது.
2. சமயநல்லூரில் அதற்கு இன்னும் சில மாலைகள் விழுந்தன.
3. சோழவந்தானுக்கு முன்னால் எஞ்சின் கொதித்து நின்றது.
4. நின்ற பிறகு மாலைகளை நான் அறுத்தெடுத்தேன்.
5. நீராவி எஞ்சின் வந்து அதை இழுத்துக்கொண்டு போனது.

நடந்தது இந்த வரிசையில்தான். எங்கள் ஷெட்டில் நான்காவதை மூன்றாவதற்கு முன்னால் வைத்துச் சொல்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ரயில் ஷெட்டில் அப்ரண்டிஸாக இருந்தேன். அங்கே பெண் நான் ஒருத்திதான். பயிற்சி முடியும் தறுவாயில், பழைய வண்டிகளுக்கு விழா எடுக்க மேலே முடிவானது. சனி, ஞாயிறு இரண்டு நாள். ஓரமாகக் கிடந்த இரண்டு டீசல் ரயில் கார்களை ஓடவைத்து, வாடிப்பட்டி வரை ஜனங்களை ஏற்றிப்போய்த் திரும்ப வேண்டும். ரயில் கார் என்பது பஸ்ஸைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தது போல இருக்கும். மூக்கிலேயே எஞ்சின், அதற்கு முன்னால் ரேடியேட்டர், அதையும் மறைத்து ஒரு கம்பி வலை. அந்த வலை வழியாகக் காற்று போனால்தான் எஞ்சின் சூடு தணியும்.

முதல் வண்டியை ஃபோர்மேன் என்னிடமும் ஒரு ஃபிட்டரிடமும் கொடுத்தார். "ரெண்டு நாளும் நிக்காம ஓட்டிக் காட்டுங்க. டீசல் செக்‌ஷன்ல ஒரு எடம் இருக்கும்மா. ஒனக்கே எழுதிர்றேன்" என்றார். எனக்கு வேண்டியிருந்ததும் அந்த ஓர் இடம்தான். மின்விசிறிக் கூட்டுக்குள் எலி கட்டியிருந்த கூட்டை எடுத்தோம். ரேடியேட்டர் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்தோம். டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி மாட்டினோம். சோதனை ஓட்டத்தில் வெப்பமானியின் முள் பச்சையை விட்டு அசையவில்லை.

சனிக்கிழமை காலை பூசை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். பெரிய அதிகாரியின் மனைவி தோள் கனத்துக்கு ஒரு மாலையை வண்டியின் மூக்கில் போட்டார். அவர் போட்டதும் சங்கத்துக்காரர்கள் போட்டார்கள், கான்டீன்காரர் போட்டார், பார்சல் ஆபீஸ்காரர்கள் போட்டார்கள். இரண்டு பக்கமும் வாழைமரம். நடுவில் மிச்சமிருந்த இடத்தில் விழாப் பெயர் எழுதிய துணி. கம்பி வலை கண்ணுக்கே தெரியவில்லை.

ஃபோர்மேனிடம் போனேன். "சார், வலை மூடியிருக்கு. காத்து போகலைன்னா கொதிச்சிரும்."

"மேடம் போட்ட மாலைய அவங்க கண்ணு முன்னாடியே கழட்டச் சொல்றியா?"

"கழட்ட வேணாம் சார். கூரை மேல தூக்கிக் கட்டிருவோம்."

"பூசை போட்ட வண்டிம்மா. போய்த் திரும்புற வரைக்கும் மாலையத் தொடக்கூடாது. பின்னாடி போயி உக்காரு."

டிரைவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏன் பாப்பா, மாலை போட்டா மூச்சா முட்டும்?"

"மாப்ளைக்கு முட்டும்ணே, கல்யாணத்தன்னிக்கு" என்றார் ஃபிட்டர். எல்லோரும் சிரித்தார்கள். வண்டி கிளம்பியது.

சமயநல்லூரில் மேளத்தோடு ஒரு கூட்டம் நின்றது. நான் இறங்கி ஓடி, "அண்ணே, மூக்குல போடாதீங்க, பக்கவாட்டுல கட்டுங்க" என்றேன். மாலை வைத்திருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கழுத்துக்குப் போடுறத இடுப்புலயா கட்டுவாக? தள்ளு தாயி." ஏற்கெனவே கிடந்தவற்றின் மேலேயே அவற்றையும் போட்டார்கள்.

பங்குனி வெயில். சோழவந்தானை நெருங்கி, வெற்றிலைக் கொடிக்கால்கள் தொடங்கும் இடத்தில் எஞ்சின் சத்தம் கனத்தது, இடித்தது, பிறகு நின்றது. மூக்கிலிருந்து ஆவி சீறியது. நான் இறங்கி, ஃபிட்டரின் ரம்பத் தகட்டை வாங்கி, மாலைகளை அறுத்துப் போட்டேன். ஃபிட்டர் பக்கத்தில் வாளியைப் பிடித்தபடி நின்றார். அடிமாலையின் செவ்வந்தி வெந்து குழைந்திருந்தது. பூ வெந்த வாடை அடித்தது. சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "ஆத்தி, சாமி மாலையப் பிச்சுப் போடுறாளே! வண்டி எப்பிடி வெளங்கும்?" என்றார். ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் மோர் நிறத்தில் இருந்தது. சூட்டில் எஞ்சின் மூடிக்கு அடியிலிருந்த கேஸ்கட் போய், தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கிவிட்டது. அதற்கு மேல் அங்கே செய்ய ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ரயில் கார் மட்டும் ஓடியது. அன்று மேடம் வரவில்லை. அதனால் மற்றவர்களும் மாலை வாங்கவில்லை. ஒரே ஒரு பூச்சரம். வாடிப்பட்டி போய் நல்லபடியாகத் திரும்பியது. ராசியான வண்டி என்று அதற்குப் பெயர் வந்தது.

திங்கட்கிழமை ஃபோர்மேன் அறையில் விசாரித்தார்கள். டிரைவர் சொன்னார்: "பாப்பா மாலையப் பிச்சுச்சு சார். அதுக்கப்புறம் வண்டி கெளம்பவே இல்ல." அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நான் ஃபிட்டரைப் பார்த்தேன். "நான் தண்ணிக்குப் போயிருந்தேன் சார். பாக்கல" என்றார் அவர்.

"காலையில நான் ஒங்ககிட்ட சொன்னேன் சார்" என்றேன்.

"எதச் சொன்ன?" என்று கேட்டார் ஃபோர்மேன். அவர் நிஜமாகவே மறந்தது போலத்தான் இருந்தது. வலை, காற்று, சூடு என்று ஒவ்வொன்றாக மறுபடியும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஃபிட்டர் என் பின்னாலேயே வந்தார். "ரெண்டு பொம்பளப்புள்ளைகள வச்சிருக்கேன் தங்கச்சி. நீ படிச்ச புள்ள, எங்கிட்டுப் போனாலும் பொழச்சுக்குவ."

"எங்கிட்டும் போறதா இல்லண்ணே. இங்கதான் வேலை கேட்டேன்" என்றேன்.

டீசல் செக்‌ஷனில் அந்த இடத்துக்கு என்னோடு பயிற்சி எடுத்த ஒருவர் வந்தார். ரயில் கார் வேலையின்போது அவர் விடுப்பில் இருந்தவர். எனக்கு ஸ்டோர்ஸ் கிடைத்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். பெல்ட், கேஸ்கட், போல்ட் என்று கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறேன். அந்த முதல் ரயில் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள். கூடு ஷெட்டுக்குப் பின்னால் நிற்கிறது. எஞ்சின் பக்கம் என்னை யாரும் கூப்பிடுவதில்லை.