ஒரு பிஸ்மி நேரம்

என் மச்சானின் வலது மணிக்கட்டு பிசகியதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. வீட்டில் இதைச் சொல்ல முடியாது. என் மனைவி அவரை நானா, நானா என்று கூப்பிடுகிற கூடப்பிறந்த தங்கை. நான் எழுதுவதை அவள் வாசிப்பதில்லை என்ற தைரியத்தில் இங்கே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம்கூட வருத்தம் இல்லை.

மாத்தளை நகரத்தில் எனக்கு மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற கடை. அதே வீதியில் சற்றுத் தள்ளி அவருக்கு டைல்ஸ் கடை. இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. எங்கள் வயதுக்காரர்கள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஒழுங்காக இருக்கிறார்கள். எங்களுக்கு மட்டும் கார்ப் பைத்தியம். என்னுடையது ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்துக் கைவிட்ட இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். அவருடையது அதைவிடப் புதியது, வேகமும் கூட. சக்கரத்துக்கு உள்ளே சிவப்புச் சாயம் பூசிய பெரிய கெலிப்பர்கள் பளபளக்கும். ப்ரேக் பேட்டை டிஸ்க்கின் மேல் வைத்து நெரிக்கிற கவ்விதான் கெலிப்பர். அந்தச் சிவப்பு எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்றே காரைக் கடை முன்னால் குறுக்காக நிறுத்துவார்.

குருநாகல் பக்கம் ஒரு ட்ராக் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சொந்தக் காரைக் கொண்டுபோய், ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆசை தீர ஓட்டலாம். இது போட்டி இல்லை, ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்காதீர்கள் என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். மச்சான்மாருக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் ஏறுமா?

முதல் தடவை போனபோது என் கால்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. பலகடுவ மலைப்பாதையில் ஏறி இறங்கிப் பழகியவன் நான். இறக்கத்தில் ப்ரேக்கை மெல்ல மிதித்தபடியே வளைவு வளைவாக வருவது எங்கள் ஊர்க்காரர்களின் வழக்கம். ட்ராக்கில் அது ஆகாது. அங்கே ஓங்கி ஒரே மிதி, பிறகு உடனே காலை எடுத்துவிட வேண்டும். நான் ஊர்வழக்கப்படி தேய்த்துக்கொண்டே சுற்றியதில் டிஸ்க் கொதித்து, பழைய ப்ரேக் ஒயிலும் கொதித்து, நேர்ப்பாதையின் முடிவில் மிதித்தபோது பெடல் பஞ்சுக்குள் போவதுபோல் போனது. கார் வளைவில் திரும்பாமல் புல்லைத் தாண்டி, பக்கத்துச் சேற்று நிலத்தில் இறங்கி நின்றது. எனக்குக் கீறல்கூட இல்லை. இழுத்து வெளியே எடுக்க ட்ராக்டர் வந்தது. அதற்கு முன்பே மச்சான் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஏதும் அடிபட்டதா என்று கேட்டார், அதையும் படம் எடுத்துக்கொண்டேதான் கேட்டார்.

அன்று மாலைக்குள் அந்தக் காட்சி மனைவி வீட்டாரின் வாட்ஸ்அப் குழுவில் ஏறியது. “மாப்பிள்ளை வயல் உழுறாரு” என்று அதற்குத் தலைப்பு. மறுநாள் மாமி அழைத்து, காயம் இல்லைதானே என்று அக்கறையாக விசாரித்தார். விசாரித்து முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாரம் முடிவதற்குள், யட்டவத்தையிலிருந்து மிளகு கொண்டுவருகிற மனிதர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இந்தப் போகத்துக்கு என்ன விதைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். அவரிடம் அதைக் காட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. டைல்ஸ் கடை பக்கத்தில்தானே இருக்கிறது.

இதையெல்லாம் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமல் போனது சஹனில்.

எங்கள் கல்யாண வீடுகளில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அதுதான் சஹன். நடுவில் சோறு, அதன் மேல் கோழி, பக்கத்தில் அச்சாறு. நமக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று நாம் மட்டும் எழும்பக் கூடாது. கடைசி ஆள் கை எடுக்கும்வரை ஒரு பருக்கையையாவது உருட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மனைவியின் உறவில் ஒரு வலீமா, கல்யாண விருந்து. அந்தச் சஹனில் மச்சான் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அல்லாஹ்வின் பெயரால் என்று தொடங்குகிற பிஸ்மியைச் சொல்லி முதல் பிடி உள்ளே போனதும் கதையைத் தொடங்கிவிட்டார். சேறு தெறித்தது, நான் ஹெல்மெட்டோடு கதவைத் திறக்கத் தெரியாமல் தட்டியது, ட்ராக்டர்காரர் சிரித்தது என்று ஒன்றையும் விடவில்லை. பக்கத்துச் சஹன்காரர்களும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். எனக்குக் காது சுட்டது. எழும்ப முடியாது. இவர் வேண்டுமென்றே மெல்ல மெல்ல மென்றார்.

அந்த உற்சாகத்தில்தான் தன் ரகசியத்தையும் சொன்னார்.

“மச்சான்ட பின் லைட்டு பத்தும். ஒடனே நான் ப்ரேக் புடிக்க மாட்டேன். முழு பிஸ்மி ஒண்ணு சொல்லி முடிச்சிட்டுத்தான் கால வெப்பேன். அப்பவும் வளைவுல அவங்களுக்கு முன்னுக்கு போயிருவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைவு. ஆனால் அந்தப் பிடிச் சோற்றோடு ஒரு முடிவையும் விழுங்கினேன். இதே மனிதர், இதே மாதிரி ஒரு சஹனில், எழும்ப முடியாமல் உட்கார்ந்து, தன்னுடைய கதையை என் வாயால் கேட்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

பெரிய கெலிப்பர் வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடையதைவிடப் பெரிதாக, அவருடையதைவிடச் சிவப்பாக. பிறகு இரண்டு இரவு படுத்து யோசித்ததில் புத்தி வந்தது. அவர் கண்ணுக்குத் தெரிகிறதை மாற்றினால் அவர் உஷாராகிவிடுவார். தெரியாததை மாற்ற வேண்டும். அவருடைய சிவப்புக் கெலிப்பருக்குள் இருப்பது கடைக்குப் போய்வருகிறவர்கள் போடுகிற சாதாரண பேட் என்பது எனக்குத் தெரியும். ஒயிலை அவர் மாற்றியே பல மழைக்காலம் ஆகிவிட்டது. அந்த ஒயில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த ஒயில் சீக்கிரம் கொதிக்கும். நான் சேற்றில் இறங்கிக் கற்றுக்கொண்ட பாடம் அது. அதை அவருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

மாத்தளை கராஜ்களில் காரைத் தூக்கினால் மதியத்துக்குள் சேதி டைல்ஸ் கடைக்குப் போய்விடும். அதனால் யட்டவத்தையில் லொறிகளுக்கு வேலை செய்கிற ஒரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். கெலிப்பர் பழையதே இருக்கட்டும் என்றேன். கடும் சூட்டையும் தாங்குகிற பேட், எளிதில் கொதிக்காத ஒயில், ரப்பருக்குப் பதிலாக இரும்புப் பின்னல் போட்ட குழாய், புது டிஸ்க். எல்லாம் கொழும்பிலிருந்து ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஓடும்போது டிஸ்க்கின் மேல் காற்று அடிக்க ஒரு குழாய் வேண்டியிருந்தது. என் கடையில் சாதிக்காய் உலர்த்துகிற இயந்திரத்தின் குழாயைக் கழற்றி, முன் பம்பரின் கீழிருந்து சக்கரம் வரை கட்டினோம். இந்தச் செலவுக்கு வேறு கார் வாங்கியிருக்கலாமே என்று பாஸ் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். என் கோபம் காரின் மேல் இல்லை, மச்சான் மேல் என்று நான் அவருக்கு விளக்க முயலவில்லை.

புது பேட்டைப் போட்டதும் ட்ராக்குக்கு ஓடிவிட முடியாது. வேகமாகப் போய் அழுத்திப் பிடிக்க வேண்டும், கார் முழுக்க நிற்பதற்குள் விட வேண்டும், திரும்ப வேகமெடுக்க வேண்டும். இப்படிப் பலமுறை செய்தால்தான் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும். சூட்டோடு நிறுத்தினால் டிஸ்க்கில் தழும்பு விழுந்து எல்லாம் பாழ். எங்கள் மலையில் அதற்கு ஏற்ற நேர்ப்பாதை ஏது? பயறு வாங்கப் போகிற சாட்டில் வில்கமுவவுக்குப் போனேன். இருபுறமும் வயல், எப்போதாவது ஒரு பஸ், தெருவின் ஒரு ஓரத்தில் நெல் காயப்போட்டிருந்தார்கள்.

நான் பாய்ந்து போய்ப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்ததை மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு விவசாயி பார்த்துவிட்டார். சக்கரத்திலிருந்து புகை, கருகிய நாற்றம் வேறு. நிறுத்து என்று கையை ஆட்டினார். நிறுத்தினால் பேட் கெட்டுவிடுமே, நான் ஓடிக்கொண்டே இருந்தேன். ப்ரேக் இல்லாமல்தான் இவன் ஓடுகிறான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு, கியரைக் குறை, கியரைக் குறை என்று சிங்களத்தில் கத்தினார். முன்னால் நெல் காயப்போட்டிருந்தவர்களையும் விலகச் சொல்லிக் கத்தினார். கடைசியில் சூடு ஆறி நான் ஓரம் கட்டியபோது, வாய்க்கால் தண்ணீரைப் போத்தலில் அள்ளிக்கொண்டு சக்கரத்தில் ஊற்ற ஓடி வந்தார். ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும். அவர் கையைப் பிடித்துக் கெஞ்சி, ப்ரேக் நன்றாகத்தான் இருக்கிறது, அளவுக்கு மிஞ்சி நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தத் தண்ணீரை இருவரும் குடித்தோம். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்த ட்ராக் நாளில் மச்சான் என் காரைச் சுற்றி வந்து பார்த்தார். பழைய கெலிப்பர், துரு நிறம். இன்றைக்கும் உழவு இருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அல்லாஹ் நாடினால் இருக்கும் என்றேன்.

முதல் சில சுற்றுகள் பழைய இடத்திலேயே ப்ரேக் பிடித்தேன். வளைவுக்கு முன்னால் தூரம் காட்டுகிற மூன்று பலகைகள் வரிசையாக நட்டிருக்கும். முதல் பலகையிலேயே என் லைட் எரிந்தது. அவர் தன் பிஸ்மியைச் சொல்லிவிட்டு என் பின் பம்பர்வரை வந்து வந்து போனார். கண்ணாடியில் அவருடைய ஹெல்மெட் ஆடுவதைப் பார்த்தேன். சிரிக்கிறார் என்று தெரிந்தது. சிரியுங்க மச்சான் என்று வாய்விட்டே சொன்னேன்.

பிறகு ஒரு சுற்றில் முதல் பலகையைக் காலை அசைக்காமல் தாண்டினேன். இரண்டாவதையும் தாண்டினேன். கோபம் காலை நகரவிடவில்லை. மூன்றாவது பலகை வந்ததும் ஓங்கி மிதித்தேன். கார் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது போல் இருந்தது. பெல்ட் நெஞ்சை நெரித்தது. வளைவுக்குள் திரும்பினேன். அங்கே முழு பிஸ்மிக்கு இடம் இல்லை. எனக்கு வலப்பக்கத்தில், டயர் எல்லாம் புகைய, மச்சான் நேராகப் போய்க்கொண்டிருந்தார். புல்லைத் தாண்டி, அடுக்கி வைத்த பழைய டயர்களில் முட்டி நின்றார்.

அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அவர் கதவைத் திறந்து இறங்குகிறாரா என்று பார்த்த நேரம் மட்டும் என் மனைவியின் முகம் கண்ணில் நின்றது. இறங்கினார், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. ட்ராக்டர் வந்தது. நான் ஃபோனை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆனால் அந்தப் படத்தை அனுப்ப முடியவில்லை. மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சாதிக்காய் இயந்திரத்தின் குழாய் எங்கே போனது என்று அவள் முன்பே கவனித்திருக்கிறாள்.

“நானாட கையில கட்டு. நீங்க அத படம் போட்டு காட்டப் போறீங்களா?” என்றாள்.

ஃபோனை வாங்கி அவளே அழித்தாள். போகட்டும், சஹன் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் ஒரு வலீமா வந்தது. மச்சான் வலது கையில் கட்டோடு வந்தார். நானே போய் அழைத்துவந்து என் சஹனில் எனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவர் கரண்டி கேட்டார். கரண்டி எதற்கு, நான் இருக்கிறேனே, ஊட்டிவிடுகிறேன் என்றேன். சுற்றி இருந்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். கதையை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, ட்ராக்டரை எப்போது கொண்டுவருவது, எல்லாம் எனக்கு மனப்பாடம். முதல் பிடியை ஊட்டிவிட்டு வாயைத் திறந்தேன்.

அவர் முந்திக்கொண்டார்.

“கையப் பத்தி கேக்குறீங்களா? நான் எப்பவும் போல மச்சான்ட லைட்டப் பாத்துக்கிட்டு வந்தேன். லைட்டும் பத்துது, நானும் பிஸ்மிய தொடங்கினேன். பாதியில இருக்கும்போதே டயரு வந்திருச்சி.”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. மேலும் சொன்னார். டயருக்குள் முகம் புதைந்தது, ட்ராக்டர்காரர் இந்த வீட்டில் இன்னும் எத்தனை பேர் என்று கேட்டது, எல்லாவற்றையும் என்னைவிட அழகாகச் சொன்னார். பக்கத்துச் சஹன்கள் திரும்பின. என் கதை, என் காசு, என் கோபம், அத்தனையையும் என் கண்ணெதிரே அவர் தன்னுடையதாக்கிக்கொண்டார். இப்போதும் அவர்தான் அந்தக் கூட்டத்தின் செல்லப்பிள்ளை. நான் கையில் சோற்றோடு உட்கார்ந்திருந்தேன். எழும்பவும் முடியாது.

அச்சாறுக்குள் காரம் தலைக்கேறுகிற சின்னக் கொச்சிக்காய்கள் முழுசு முழுசாகக் கிடந்தன. நாலைந்தை எடுத்துக் கோழி இறைச்சிக்குள் பொதிந்து, சோற்றை மேலே வைத்து நன்றாக உருட்டினேன்.

“பிஸ்மி சொல்லுங்க மச்சான்,” என்றேன்.

சிரித்துக்கொண்டே முழுசாகச் சொன்னார், வாயைத் திறந்தார். சஹனில் துப்ப முடியாது. மென்றார். என்னைப் பார்த்தார். விழுங்கினார். கண் இரண்டிலும் நீர் முட்டிக் கன்னத்தில் வழிந்தது. நான் தண்ணீரை அவர் வாயருகே பிடித்தேன், அவசரப்படாமல்.

எதிரே இருந்த பெரியவர் பக்கத்திலிருந்தவரைத் தொட்டுக் காட்டினார். “பாருங்க, மச்சான் ஊட்டி விடுறதுக்கு மனுஷன் அழுவுறாரு.”