வெண்பாவில் அடங்காத பெயர்

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில், ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். யாப்பிலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்கி நானாகவே படித்து, மெஷின் ஓடும் சத்தத்துக்கு ஏற்பக் குறில் நெடில் எண்ணிக்கொண்டிருப்பேன். கிரேக்க, லத்தீன் கவிஞர்களும் இப்படித்தான் நெட்டசை, குற்றசை அளந்து அடி கட்டினார்கள் என்று ஈப்போ நூலகத்தில் படித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ அவர்கள் என் பங்காளிகள் என்கிற நினைப்பு.

அப்போதெல்லாம் எங்கள் கல்யாணங்களில் வாழ்த்து மடல் வாசிப்பார்கள். நண்பர்கள் எழுதி, அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மைக்கில் வாசித்து மணமக்களிடம் கொடுப்பார்கள். பெற்றோர் பெயர்கள் கட்டாயம் அதில் வரும். என்னோடு வேலை செய்த நண்பனுக்குச் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெண் அமைந்தபோது, மடல் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே கேட்டு வாங்கினேன்.

"மாமா பேர மட்டும் விட்டுறாதலா மச்சான். மைக்குல வரும்னு தோட்டம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுறாரு," என்றான் நண்பன்.

அவனுடைய வருங்கால மாமனார் பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். மனைவி இறந்த பிறகு தனியாளாக மகளை வளர்த்தவர்.

வெண்பாதான் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். மற்றப் பெயர்கள் சொன்னபடி கேட்டன. அவர் பெயர் மட்டும் மூன்று அசையாக நீண்டு, நிரையசையில் முடிந்து, கனிச்சீராக வந்து நின்றது. வெண்பாவில் கனிச்சீருக்கு இடமில்லை. பெயரை உடைத்து இரண்டு சீராகப் போட இலக்கணமே வழி விடுகிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் ஓசை கெடும், படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். 'தந்தை' என்று போட்டு முடித்துவிட்டேன். எதுகை பிரமாதமாக அமைந்தது.

கல்யாணத்தன்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். நன்றாகவே கைதட்டினார்கள். மேடையை விட்டு இறங்கியதும் அவர் வந்தார். தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, பெயர் எந்த இடத்தில் வந்தது என்று விசாரித்தார். வரவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஏன் வரவில்லை என்று குறில், நெடில், சீர், தளை எல்லாம் சொல்லி விளக்கினேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அவர் பொறுமையாகக் கடைசிவரை கேட்டார்.

"இருவத்தஞ்சு வருசமா காலையில பெரட்டுல ஆள் எடுக்குறப்ப என் பேரச் சொல்லித்தானே தம்பி கூப்பிட்டாங்க. அங்க அடங்குச்சே," என்றார்.

கோபமே இல்லை. சாப்பிடாமல் போய்விடக் கூடாது என்று என்னைக் கையோடு பந்திக்கு அழைத்துப் போனார். என் இலையில் அவரே சோறு வைத்தார். மைக் பத்தடி தூரத்தில் சும்மாதான் கிடந்தது. எழுந்து போய் அந்தப் பெயரை ஒரு தடவை வெறும் உரைநடையில் சொல்லியிருக்கலாம். மடல் நன்றாக இருந்தது என்றார் பக்கத்து இலைக்காரர். நான் நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.