ஹாரன் இல்லாமல் பல்லாவரம் வரை

எங்கள் காரின் ஏ.சி. கெட்டுப்போனதால்தான் அம்மா வீட்டை விட்டுப் போனாள் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பாமல் என்ன செய்வது? அப்பா அப்படித்தான் சொன்னார். அவரும் அதை மனதார நம்பினார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ஐந்தாம் வகுப்பு முடிந்து எனக்கு லீவு விட்டிருந்த நேரம். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்று பேரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். அது ஏற்கெனவே இரண்டு பேரிடம் பாடுபட்டு எங்களிடம் வந்து சேர்ந்த பழைய கார். முகூர்த்த நாள் வேறு. பெருங்களத்தூர் நெருங்கும்போது முன்னால் போன பஸ்ஸெல்லாம் அப்படியே நின்றுவிட்டன. ஏ.சி.யிலிருந்து அனல்தான் வந்தது. பட்டுப்பாவாடை கசகசக்க நான் பின்சீட்டில் படுத்துத் தூங்கிப்போனேன். விழித்தபோது எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இருந்தோம். முன்சீட்டில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மட்டும் இருந்தது.

“அம்மா எங்கப்பா?”

“பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டாங்கடா. வழியிலயே இறங்கி டிரெயின் பிடிச்சுட்டாங்க. ஏ.சி. இல்லாத இந்த டப்பாவுல இனிமே ஏறமாட்டாங்களாம்.”

அம்மாவின் அக்கா வீடு பல்லாவரத்தில். அங்கிருந்து அம்மா தினமும் சாயங்காலம் எனக்குப் போன் செய்வாள். சாப்பிட்டியா, தலை வாரினியா என்று கேட்பாள். எப்பம்மா வருவ என்றால், “வரேண்டி, கொஞ்ச நாள் போகட்டும்” என்பாள். அப்பாவிடம் போனைக் கொடு என்று மட்டும் சொல்லமாட்டாள். அப்பாவும் கேட்கமாட்டார். நான் பேசி முடிக்கும் வரை டி.வி.யின் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. அவர் போய்விட்டால் பகலெல்லாம் நான்தான், வீடுதான். எதிர்வீட்டு ஆன்ட்டி மத்தியானம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். புது அபார்ட்மென்ட் என்பதால் பாதி வீடுகளுக்கு ஆளே வரவில்லை. விளையாட யாருமில்லாமல் லிஃப்டில் ஏறி ஏறி இறங்குவேன். அதுவும் அலுத்துப்போனால் அம்மாவின் பீரோவைத் திறந்து உள்ளே தலையை நீட்டிக்கொண்டு நிற்பேன். அழுகை அழுகையாக வரும்.

ஏ.சி.யைச் சரி செய்துவிட்டால் அம்மாவைக் கூட்டி வந்துவிடலாம். இதில் அப்பாவுக்கும் எனக்கும் துளி சந்தேகம் இல்லை. தாம்பரத்து மெக்கானிக்கிடம் முதலில் போனோம். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டு எடுத்துவிட்டுச் சொன்னார்: “கேஸெல்லாம் கரெக்டா கீது சார். கம்ப்ரெசருக்குக் கரண்ட் போவல. எங்க கட்டாவுதுன்னு ஒயரிங்க ஃபுல்லா பிரிச்சுதான் பாக்கணும். வண்டிய வுட்டுட்டுப் போ சார், ஒரு வாரம் ஆவும்.”

அப்பா வண்டியை விடவில்லை. விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து என்ன செய்வார், பாவம். தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, வேலையிலிருந்து வந்த கையோடு பார்க்கிங்குக்கு இறங்கிவிடுவார். எனக்கு டிரைவர் சீட். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். பானெட்டுக்குப் பின்னாலிருந்து “போடு” என்று குரல் வரும். நான் ஏ.சி. பொத்தானை அழுத்துவேன். விளக்கு எரியும், காற்று வரும், குளிர்ச்சி வராது. கம்ப்ரெசர் பிடித்தால் முன்பக்கம் ‘டக்’ என்று சத்தம் கேட்க வேண்டுமாம்.

“டக்குன்னுச்சா?”

“இல்லப்பா.”

அந்த மாதம் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு பெரும்பாலும் இதுதான். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். குட்டி பல்பில் இரண்டு ஒயரைக் கட்டி, கரண்ட் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று தொட்டுத் தொட்டுத் தேடினார். ஒருநாள் பாட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரைக் கம்ப்ரெசருக்கு இழுத்துக் கொடுத்தார். டக்! அடேயப்பா, அந்தச் சத்தம்! ஒயரை எடுத்ததும் நின்றுவிட்டது.

“கம்ப்ரெசர் நல்லாத்தான்டா இருக்கு. அதுக்குச் சேதிதான் போய்ச் சேரல” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதையும் கண்டுபிடித்துவிட்டார். இன்ஜின் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் கறுப்புக் கறுப்பாகச் சதுர ரிலேக்கள் இருந்தன. பொத்தானை அழுத்தினால் கரண்டைத் திறந்துவிடுவது இவைதானாம். ஏ.சி.க்கு ஒன்று, பக்கத்திலேயே ஹாரனுக்கு ஒன்று. இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி. ஏ.சி.யுடையதுதான் கெட்டுப்போயிருந்தது. அப்பா ஹாரனுடையதைப் பிடுங்கி அந்த இடத்தில் செருகினார்.

“போடு!”

டக். என் முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது. நான் வீலென்று கத்தினேன். அப்பா நிமிர்ந்த வேகத்தில் பானெட்டில் தலையை இடித்துக்கொண்டார். தேய்த்துக்கொள்ளவும் மறந்து சிரித்தார்.

“அப்ப ஹாரன்?”

“புது ரிலே வாங்கணும், கடை நாளைக்குத்தான் திறப்பாங்க. ஒருநாள் ஹாரன் இல்லன்னா குடியா முழுகிப்போச்சு? மெதுவா போவோம். நீ குளிச்சுட்டுக் கிளம்பு.”

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹாரன் இல்லாமல் வண்டி ஓட்டத் துணிந்தவர் எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருக்கும். குறுக்கே புகுந்த ஷேர் ஆட்டோக்களை, ஏற்றிவிட்ட கண்ணாடிக்குள்ளிருந்தே “யப்பா, தள்ளுப்பா ராசா” என்று கெஞ்சிக்கொண்டு போனார். யாருக்குக் கேட்கும்? நான் முன்சீட்டை அம்மாவுக்கு விட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சிக்னலில் நின்றபோது அப்பா ஏ.சி. காற்று அந்தக் காலி சீட்டின் பக்கம் வீசும்படி திருப்பிவைத்தார். சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போட்ட சட்டையையே போட்டிருந்தார்.

பெரியம்மா வீடு இரண்டாவது மாடி. பெரியப்பாவோடு ஏதோ மனஸ்தாபம், அதனால் அப்பா அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. அம்மாவைக் கூப்பிட எப்போது போனாலும் தெருவில் வண்டியை நிறுத்தி, குட்டியாக ஒன்று, நீளமாக ஒன்று என்று ஹாரன் அடிப்பார். அம்மா இறங்கி வந்துவிடுவாள். அன்றும் பழக்கதோஷத்தில் அழுத்தினார். ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடியும் அழுத்திப் பார்த்தார்.

“மேல போய் பெல் அடிக்கலாமேப்பா? இல்ல, போன் பண்ணுங்க.”

“இருடா, ஒரு நிமிஷம்.”

இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார். ஏ.சி.யில் செருகியதைப் பிடுங்கி மறுபடி ஹாரனுக்கே மாட்டப் போகிறாராம். ரிலே சூடாகிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. விரலை உதறி உதறி இழுத்தார். நான் இறங்கித் தெருவில் நின்றேன்.

காய்ந்த துணி எடுக்க அம்மா பால்கனிக்கு வந்தாள். நைட்டியில் இருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் “அம்மா!” என்று கத்தினேன். அதே நேரம் விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்வாகப் போனதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்தாள், அதற்குள் குனிந்திருந்த அப்பாவின் முதுகைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. விருட்டென்று உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் மறுபடி வந்து எட்டிப் பார்த்தாள். இப்போது சுடிதார் போட்டிருந்தாள். தோளில் கைப்பை தொங்கியது. துப்பட்டாவில் பின் குத்திக்கொண்டே உள்ளே திரும்பினாள். நான் அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, அம்மா எங்கயோ வெளிய கிளம்புறாங்கப்பா.”

அப்பா நிமிர்ந்து பார்த்தபோது பால்கனியில் யாருமில்லை.

“நம்மளப் பாத்தாங்களா?”

“பாத்தாங்க.”

“ஒண்ணும் சொல்லல?”

“இல்லப்பா.”

பானெட்டை மெதுவாக மூடினார். ரிலேயை ஹாரனில் மாட்டி முடித்திருந்தார். ஆனால் அடிக்கவில்லை. “ஏதாவது வேலை இருக்கும். ஏறுடா” என்றார். கண்ணாடிகளை இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார். தெருமுனை திரும்பும் வரை நான் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா போன் செய்யவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதன் பிறகு அவர்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கவே இல்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் என்னை அம்மாவிடம் கொண்டுபோய் விட்டார்கள். விட வந்தது எதிர்வீட்டு ஆன்ட்டிதான், பஸ்ஸில்.

எங்களோடு வருவதென்றாலும் அம்மா நைட்டியை மாற்றிக்கொண்டுதானே வரவேண்டும்? பத்து வயதில் எனக்கு அது தோன்றவில்லை.