தண்ணீருக்கு நடுவே ஒரு ஹாரன்

நேற்றைய மழையில் ஏரி நிரம்பி, ஒரகடம் போகிற கிராமச் சாலையில் தொடையளவு தண்ணீர். காலை ஷிப்டுக்குப் போகும் பத்துப் பெண்கள் ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டிராக்டர் டிரெய்லரில் நிற்கிறார்கள். நானும் தொற்றிக்கொள்கிறேன். ஓட்டுகிறவர் உள்ளூர் விவசாயி வசந்தா அக்கா.

நட்டநடுத் தண்ணீரில் ஹாரன் அடிக்கிறார். எதிரே ஈ காக்கைகூட இல்லை.

“யாருக்குக்கா?”

“அந்தாண்ட வளைவுல கம்பெனி பஸ்ஸு நிக்குது சார். நாம வந்துகினு இருக்கறது டிரைவருக்குத் தெரியணுமில்ல? பஸ்ஸ வுட்டா இதுங்களுக்கு இன்னிக்கு ஆப்சென்ட்டு.”

ஆட்களை அக்கரை சேர்க்கிற ஃபெர்ரி என்றாலே படகு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த ஆங்கிலச் சொல் முதலில் சுமந்துபோய்ச் சேர்ப்பதைத்தான் குறித்தது, படகுக்குப் பெயரானது பிற்பாடு என்று எங்கோ படித்தது இப்போது நினைவுக்கு வருகிறது. படித்தபோது நம்பவில்லை. இந்த அக்காவைப் பார்த்தபின் நம்புகிறேன்.

பதில் ஹாரன் வரவில்லை. அக்கா மறுபடி அழுத்துகிறார். இந்தமுறை கையை எடுக்கவேயில்லை.

வளைவுக்கு அப்பாலிருந்து நீளமாக ஒரு ஹாரன்.

கரை இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. அதற்குள் பெண்கள் ஷூ மாட்டத் தொடங்கிவிட்டார்கள்.